செத்த பிஸ்டன் சொல்லும் சேதி

"இருவீச்சு எஞ்சின் இயங்கும் விதத்தைப் படம் வரைந்து விளக்குக." இயந்திரவியல் பயிலும் நம்மில் இந்த வினாவுக்கு விடை எழுதாதவர் எவர்? உருளை வரைந்தோம்; உந்துதண்டு வரைந்தோம்; வாயில்கள் மூன்றையும் குறித்து அம்புக்குறி இட்டோம்; மதிப்பெண்ணும் பெற்றோம். அந்த எஞ்சின் எப்படிச் சாகிறது, செத்ததை எப்படி எழுப்புவது என்று மட்டும் நான் எழுதிய எந்தத் தேர்வும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் பிடித்துப்போன எஞ்சினுக்குப் புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுப்பது பழுதுபார்த்தல் ஆகாது. அது கடன் வாங்கிக் கடன் அடைப்பதைப் போன்றது. பழையது ஏன் போயிற்று என்று கண்டுபிடித்து, அந்தக் காரணத்தைப் போக்கிய பிறகு போடுவதே பழுதுபார்த்தல். எல்லைப்புறத்துப் பட்டறைகள் பல இதைச் செய்ய நேரமின்றி விட்டுவிட்டன. கல்லூரியில் படிக்கும் நாமோ இப்படி ஒரு வேலை இருப்பதையே அறியோம்.

எல்லைப்புறம் என்று நான் சொல்வது பாலக்காட்டு எல்லையையும் இடுக்கி எல்லையையும். நான் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தவன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று தமிழ் பேசும் ஊர்கள் நிறைந்த பகுதி அது. என் சிற்றப்பா உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். ஆதலால் பள்ளி விடுமுறையில் பாதி சமவெளி வெயிலிலும் பாதி மலைப் பனியிலும் எனக்குக் கழிந்தன. 1956-இல் மாநில எல்லை வகுத்தவர்கள் கோடு போட்டுப் போனார்கள். பாலும் காயும் தேங்காயும் ஆட்களும் இன்றும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் பிழைக்கின்றன. தாண்டுவதற்குப் பெருந்துணையாக இருப்பது ஒரு சிறிய மொபெட்.

மேலை நாடுகளில் கரடு முரடான நிலத்தில் ஓட்டுவதற்கென்றே பருத்த சக்கரங்கள் நான்கு பூட்டிய ஏ.டி.வி. என்னும் வண்டிகள் உண்டு. யமஹா நிறுவனம் 1987-இல் அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பிய 'பான்ஷி' அவற்றுள் பேர் பெற்றது. இரண்டு உருளை, 350 சி.சி., இருவீச்சு. நம் நாட்டில் 1980களில் ஓடிய ராஜ்தூத் 350-க்கு அது ஒரு வகையில் தாயாதி முறை. பான்ஷியின் பிஸ்டன் வெடித்தால் அங்கே ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை கெடும். நம் எல்லைப்புறத்தில் எந்த நிலத்திலும் செல்லும் வண்டியாக உழைப்பது, 1980-இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டி.வி.எஸ். 50-உம் அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகளுமே. பால் கேன் இரண்டு, புல்லுக்கட்டு ஒன்று, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று, இத்தனைக்கும் 69.9 சி.சி.! அதன் பிஸ்டன் பிடித்தால் அந்த வீட்டின் வாரம் முழுவதும் கெடும்.

வாரம் கெடுவதோடு போனாலும் பரவாயில்லை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கியர் வைத்த பழைய இருவீச்சு பைக்கில் அந்த இறக்கத்தில் வரும்போது பிஸ்டன் பிடித்தால் எஞ்சின் நிற்கும். எஞ்சின் நின்றால் சங்கிலி நிற்கும். சங்கிலி நின்றால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பழகிய கைகள் இறக்கத்தில் கிளட்சுப் பிடியின் மேலேயே இரண்டு விரலை வைத்திருப்பது அதற்காகத்தான். மொபெட்டில் அந்தப் பிடி கிடையாது. ஆனால் அதன் கிளட்சு எஞ்சினின் சுழற்சியால் விரிந்து பற்றுவது, எஞ்சின் நின்றால் தானே சுருங்கி விட்டுவிடும். ஏழையின் வண்டிக்கு இந்த ஒரு நன்மையாவது வாய்த்ததே என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இறக்கத்தில் பிடிப்பது ஏன்? ஏற்றத்தில் அல்லவா எஞ்சின் வருந்தி உழைக்கிறது? இங்கேதான் பாடப்புத்தகப் படத்தில் இல்லாத ஒன்று வருகிறது. நான்கு வீச்சு எஞ்சினுக்கு எண்ணெய் தனியே அடியில் தேங்கியிருக்கிறது, எந்நேரமும் கிடைக்கும். இந்த மொபெட் போன்ற இருவீச்சு எஞ்சினுக்கு எண்ணெய், பெட்ரோலோடு கலந்து வருவது. லிட்டருக்கு 20 மில்லி ஊற்றி ஆட்டிக் கலக்குகிறோமே, பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஆகாரம் அவ்வளவுதான். மலையிறங்கும்போது கைமுறுக்கை முழுதும் விட்டுவிடுகிறோம். வண்டியின் வேகம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோலோ ஏறத்தாழ நின்றுவிட்டது. பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நின்றது. வேகமான சுழற்சி, வறண்ட சுவர்! பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று சாவியையும் அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கைப் பட்டறையில் வைத்துவிட்டுப் போவதைப் போடியில் நான் பார்த்திருக்கிறேன்.

இது நம்மூர் வண்டிக்கு மட்டும் வந்த நோயன்று. சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனம் இருவீச்சு எஞ்சினில் கார் செய்த காலத்தில் இதே தொல்லையைக் கண்டது. அவர்கள் செய்த பரிகாரம் எளிமையானது: மிதிவண்டியில் மிதிக்காமல் இறங்கும்போது சக்கரம் தன்பாட்டில் சுழல்கிறதல்லவா, அதே ஏற்பாட்டைக் காருக்குள் வைத்தார்கள். காலை எடுத்தால் சக்கரம் எஞ்சினை விட்டு விலகிவிடும். எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். அத்தகைய சாப் 96 வண்டியில் எரிக் கார்ல்சன் 1962-லும் 1963-லும் மான்டி கார்லோ மலைப்பந்தயத்தை வென்றார். நம் மலையோர ஓட்டுநர்களோ பொறியியல் படிக்காமலே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இறக்கத்தில் அவ்வப்போது கைமுறுக்கை ஒரு முறுக்கு முறுக்கி விடுவார்கள். ஒரு மிடறு பெட்ரோல், அதனோடு ஒரு துளி எண்ணெய். ஏன் முறுக்குகிறீர்கள் என்று கேட்டால் "அப்பத்தான் புடிக்காது தம்பி" என்பதுதான் விடை. அறிவு அவர்கள் கையில் இருக்கிறது. காரணம் நம் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை.

சமவெளிக்கு வாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்து கிடப்பது பாலக்காட்டுக் கணவாய். கோடையில் அந்த வழியே வீசும் காற்றில் ஈரம் இராது, இரக்கமும் இராது. வெப்பம் 40 பாகையைத் தொட்ட நாளில், மூட்டை ஏற்றிய மொபெட் முழு முறுக்கில் ஓடினால் பிஸ்டன் என்ன பாடு படும்? அலுமினியம் சூட்டில் பருப்பது வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. 46 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 பாகை கூடுதலாகச் சூடேறினால் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு பருத்துவிடும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே வைத்த இடைவெளியே நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான். சுவரும் ஓரளவு விரிவதால் வண்டி பிழைத்து ஓடுகிறது. அந்தக் கணக்கு சிறிது பிசகினால் போதும், அலுமினியம் உருகி இரும்பில் ஒட்டும்.

இதனோடு புழுதி. ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டால் 'பிக்கப்' கூடும் என்று யாரோ ஒருவன் சொன்னதை வேதமாகக் கொண்டவர்கள் எங்கள் பக்கத்தில் அநேகர். மண்புழுதி உள்ளே போய் உப்புத்தாளைப் போல் தேய்க்கிறது.

இவற்றை எல்லாம் செத்த பிஸ்டன் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது என்பதுதான் வியப்பு. புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் கீறலும் ஒட்டலும் இருந்தால் சூடு மிஞ்சியது அல்லது எண்ணெய் போதவில்லை. காற்று நுழையும் பக்கத்தில் பிஸ்டனின் கீழ்ப்பகுதி மங்கித் தேய்ந்திருந்தால் புழுதி. சுற்றிலும் நான்கு இடத்தில் ஒட்டியிருந்தால், குளிர்ந்து கிடந்த எஞ்சினை உதைத்தவுடன் முழு முறுக்கு முறுக்கியிருக்கிறார்கள். சுவர் விரியுமுன் பிஸ்டன் பருத்துவிட்டது. தலையில் ஓட்டை விழுந்திருந்தால் மெலிந்த கலவையோ காலம் தவறிய தீப்பொறியோ. வளையத்தின் முனை பெயர்ந்து வாயில் விளிம்பு சிராய்ந்திருந்தால், முன்பு பூட்டியவர் பிஸ்டனைத் திருப்பிப் போட்டிருக்கலாம்; தலையில் உள்ள அம்புக்குறி புகை போகும் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கவனித்திருக்க மாட்டார். மருத்துவர் நாடி பிடித்து அறிவதைக் காட்டிலும் இது தெளிவு. ஆனால் பட்டறையில் பழைய பிஸ்டன் முதலில் போவது எங்கே? இரும்புக்கடைச் சாக்குக்குள்!

என் மாமாவின் வண்டி கதையைச் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் பால் ஊற்றிப் பிழைப்பவர். அவருடைய பழைய எக்ஸ்எல் ஒரு மாசி மாதம் பிடித்தது. பட்டறை ஒன்றில் மாலைக்குள் புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வாரம் ஓடியது, மறுபடி பிடித்தது. "ஆயில் கம்மியா ஊத்தியிருப்பீங்க" என்று பழியையும் அவர் தலையிலேயே போட்டார்கள். அவரோ தவறாமல் அளந்து ஊற்றுகிறவர். மூன்றாம் பிஸ்டனுக்குக் காசு கொடுக்கும் நிலையில், பொள்ளாச்சி போகும் சாலையோரத்தில் தகரக்கொட்டகை போட்டிருக்கும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை. "பழைய பிஸ்டன் எங்கீங்க?" என்றார். நல்லவேளையாக இரண்டையும் மாமா பையில் வைத்திருந்தார். இரண்டையும் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே பக்கம், ஒரே கீறல். "ரெண்டும் ஒரே சாவுங்க. காத்து எங்கியோ திருட்டுத்தனமா உள்ள போவுது" என்றார்.

அடுத்து அவர் செய்ததை நம் ஆய்வுக்கூடத்தில் செய்து நான் பார்த்ததில்லை. கார்புரேட்டரைக் கழற்றி அந்த வாயை ரப்பர் துண்டால் அடைத்தார். சைலன்சர் வாயையும் அடைத்தார். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்தைக் குழாயில் மாட்டிக் காற்றடித்தார். முள் 250 வரை ஏறியது; ஏறியது போலவே சரசரவென்று இறங்கியது. சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே வந்தபோது மாக்னெட்டோ பக்கத்தில் கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீலில் குமிழி கொப்பளித்தது. சீல் உலர்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பின் வழியே கள்ளக்காற்று நுழைந்து கலவையை மெலியச் செய்ய, மெலிந்த கலவை பிஸ்டனைச் சுட்டிருக்கிறது. கலவை மெலியும்போது எண்ணெயின் பங்கும் சேர்ந்து குறைகிறதல்லவா! சீலின் விலை பிஸ்டன் விலையில் ஒரு சிறு பகுதி. முதல் தடவையே பார்த்திருந்தால் இரண்டாவது பிஸ்டன் பிழைத்திருக்கும்.

பிறகுதான் கட்டும் வேலை தொடங்கியது. கிராங்க் கேஸை இரண்டாகப் பிரித்தார். பிஸ்டன் உரசியபோது உதிர்ந்த அலுமினியத் துகள் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அதைக் கழுவாமல் மூடினால் கனெக்டிங் ராடின் அடிமுனை பேரிங் அடுத்த பலி. மண்ணெண்ணெயில் கழுவி, தண்டை மெல்லச் சுழற்றி, காதை வைத்துக் கேட்டார். இரண்டு சீலும் புதிதாக்கினார். உருளையைப் புதுப் பிஸ்டனோடு சேர்த்து லேத்துப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினார். "பிஸ்டனக் கையில குடுத்து அதுக்குத் தக்கன போர் போடச் சொல்லு தம்பி, நம்பரச் சொல்லிட்டு வந்துறாத" என்று என்னிடம் கட்டளை. கடைந்து வந்த உருளையின் வாயில் விளிம்புகள் கத்தி போல் இருந்தன. அவற்றை நுண்ணரத்தால் மழுக்கினார். இல்லையேல் வளையம் மாட்டி உடையும். வளையத்தை உருளைக்குள் தனியே செருகி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தார். பின்னைத் தாங்கும் சர்க்ளிப் இரண்டும் புதியவை; பழையதைத் திரும்பப் போடுவது பிச்சைக்காசை மிச்சம் பிடிப்பது என்றார். சைலன்சரில் அடைந்திருந்த கரியைச் சுட்டுத் தட்டி எடுத்தார். எல்லாம் பூட்டிய பின் மீண்டும் அந்த ரப்பர் பந்து! முள் இம்முறை நின்ற இடத்தில் நின்றது. அதைப் பார்த்த பிறகே பெட்ரோல் ஊற்றினார்.

முதலில் சில நிமிடம் ஓடவிட்டு ஆறவிட்டார். மூன்று முறை அப்படி. முதல் 500 கிலோமீட்டர் பாதி முறுக்குக்கு மேல் போகக் கூடாது, எண்ணெய் சற்று மிகுதியாக இருக்கட்டும் என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். மொத்தம் மூன்று நாள் ஆயிற்று. மாமா அந்த மூன்று நாளும் வாடகைச் சைக்கிளில் பால் ஊற்றினார்.

மூன்று நாள்! பட்டறைக்காரர்களை நான் குறை கூறும்போது இதையும் எண்ணிப் பார்க்கவே வேண்டும். மாலைக்குள் வண்டி வேண்டும் என்பவன் வாடிக்கையாளன். சீல் பார்த்தேன், சோதித்தேன் என்றால் கூலி கொடுக்க மனம் வராதவனும் அவனே. பிஸ்டன் கண்ணுக்குத் தெரிகிறது, காசு கொடுக்கிறான். காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை, காசு கொடுப்பதில்லை. ஆகவே பட்டறைக்காரர் மேல் மட்டும் கோபம் கொள்வதில் நியாயமில்லை.

"இருவீச்சு எஞ்சினே ஒழியப் போகிறது, அதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று நண்பர் ஒருவர் விடுதியில் கேட்டார். கேட்கத்தக்கதே. எரியாத பெட்ரோலை வெளியே தள்ளிப் புகையைக் கக்கும் எஞ்சின் அது. அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 2015-இல் நான்கு வீச்சு எக்ஸ்எல் 100 வந்தது; 2017 ஏப்ரலில் மாசு விதி இறுகிய பின் பழைய வகைக்குக் கடையில் இடமில்லாமல் போயிற்று. ஆனால் கடையில் இல்லாதது கிராமத்தில் இல்லாமல் போய்விடுமா? பழைய வண்டி இன்னும் ஓடுகிறது. ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் முதுகு எந்திரமும் புல்வெட்டும் எந்திரமும் பெரும்பாலும் இருவீச்சே. புது வண்டி வாங்க இயலாதவன் பழையதைத்தான் ஓட்டுவான். அரைகுறையாய்க் கட்டிய எஞ்சின் கூடுதலாகப் புகைக்கும் என்பதையும் என் நண்பர் எண்ணிப் பார்க்கட்டும்.

பழைய வண்டிக்கு இப்போது புதுத் தொல்லைகளும் சேர்ந்திருக்கின்றன. 2025-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பொதுவாகிவிட்டது. எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருவதால் பழைய ஜெட்டில் கலவை முன்னைவிட மெலிகிறது. மலையிலிருந்து இறங்கும் வண்டிக்கு வேறொரு கண்டம். 1,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. அங்கே புகை மிகுகிறதென்று பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ ஒருவர் சிறிய ஜெட் போட்டிருப்பார். அந்த வண்டியை ஒருவர் மலிவாக வாங்கிச் சித்தூருக்குக் கொண்டுவருவார். அடர்ந்த காற்று, சிறிய ஜெட், சித்திரை வெயில்! வாங்கியவர் ராசியில்லாத வண்டி என்று விற்றுவிடுவார், அடுத்தவர் வாங்குவார். ராசியில் ஒன்றுமில்லை, திருகிக் கழற்றும் ஒரு பித்தளைத் துண்டில் இருக்கிறது.

இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? நாம்தான் என்பேன். எந்த மொழியில்? கலைச்சொல் அகராதியைப் புரட்டி 'உந்துதண்டு', 'உருளை', 'வளித்தாரை' என்று எழுதிக்கொண்டு போனால் பட்டறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேர்வுத்தாளில் அவை இருக்கட்டும். பட்டறைத் தமிழ் வேறு: பிஸ்டன், போர், ரிங், சீல், ஜெட், 'புடிச்சிருச்சு', 'காத்து இழுக்குது'. இது கொச்சை என்று முகம் சுளிப்பவர்கள் என்னோடு ஒரு நாள் அந்தத் தகரக்கொட்டகைக்கு வரட்டும். 'காத்து இழுக்குது' என்ற இரண்டு சொல்லில் அந்தப் பெரியவர் சொன்னதை நான் நம் ஆய்வேட்டு நடையில் எழுத அரைப்பக்கம் ஆயிற்று.

நம் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுதோறும் பட்டிமன்றத்துக்கும் கவியரங்குக்கும் செலவிடுகிறோம், செலவிடத்தான் வேண்டும். இந்தக் கோடை விடுமுறைக்கு ஊர் போகும் இயந்திரவியல் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பட்டறைச் சாக்கிலிருந்து செத்த பிஸ்டன் ஒன்றைக் கேட்டு வாங்கி வரட்டும். எவரும் மறுக்கமாட்டார்கள், எடைக்குப் போடுவதுதானே. அதன் கழுத்தில் ஓர் அட்டை கட்டுங்கள். எந்த வண்டி, எந்தச் சாலை, ஏறும்போது பிடித்ததா இறங்கும்போது பிடித்ததா, லிட்டருக்கு எவ்வளவு எண்ணெய், ஃபில்டர் இருந்ததா, இதற்கு முன் பிஸ்டன் மாற்றியது எப்போது, சீல் பார்த்தார்களா என்று பட்டறைக்காரர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். திரும்பி வந்ததும் படம் எடுத்து, கீறல் இருக்கும் பக்கத்துக்கு நேரே காரணத்தை எழுதி, இருபது பக்கத்தில் ஒரு சிறு நூலாக அச்சிடலாம். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடும்படி மூலையில் ஓர் ஓட்டை இருந்தால் நலம். பட்டறையில் மேசைக்கு இடமிராது. கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கம்பம், போடி, குமுளி என்று பேருந்து நிற்கும் ஊர்களுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

மாமாவின் இரண்டு பிஸ்டனையும் நான் வாங்கி வந்துவிட்டேன். அட்டை கட்டி மன்ற அறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். அந்தத் தட்டில் இன்னும் நாற்பது ஐம்பது வைக்க இடம் இருக்கிறது.